முருங்கைக்காய் அறுத்தவர்கள்

கள்ளக்குறிச்சி
20.7.1987

செவ்வந்தி,

நலமா என்று கேட்டால், அவ்வளவு அக்கறை இருந்தால் நேரில் வா என்பாய். அதனால் கேட்கவில்லை. வருகிற சனிக்கிழமை மாப்பிள்ளையை ஸ்டூடியோவுக்கு அனுப்பு. உங்கள் கழனியில் வேலை செய்கிற இருசப்பனும் கூட வரட்டும். ஒரு நாள் போனால் நெல் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

சின்னசேலத்தில் ஒரு மளிகைக் கடைக்காரர் அடுத்த வருசக் காலண்டருக்குப் பன்னிரண்டு படம் கேட்டிருக்கிறார். சாமி படம் எல்லாக் கடையிலும் இருக்கிறதாம். “புதுசா எதனா பண்ணு சிகாமணி” என்றார். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது தோன்றியது. சோறுதான் படம். சோற்றுக்குள்ளே மனுசர்கள்!

ஆட்களை வெள்ளைத் துணிக்கு முன்னால் நிற்க வைத்து எடுக்கிறேன். இரண்டு அங்குல உயரத்துக்குக் காப்பி போட்டு, பிளேடால் ஓரம் பிசகாமல் நறுக்கி, அட்டையில் ஒட்டி, பின்னால் தீக்குச்சியை முட்டுக் கொடுத்துத் தட்டில் நிறுத்திவிடுகிறேன். பிறகு தட்டோடு சேர்த்து ஒரு படம். தை மாதப் படம் முடிந்தது. தட்டு நிறையச் சோறு, கொத்தமல்லித் தழைதான் நாற்று, எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறாள். சித்திரைக்குக் கேழ்வரகுக் களியை உருண்டை உருண்டையாக வைத்துக் கல்வராயன் மலையையே கட்டிவிட்டேன்.

ஆவணிக்கு முருங்கைக்காய். ஒரு முழக் காயைச் சாம்பார்ச் சோற்றின் குறுக்கே படுக்கப் போட்டு, இரண்டு ஆள் பெரிய ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல அறுக்க வேண்டும். ரம்பம் பக்கத்து மரவாடியில் இரவல் சொல்லியிருக்கிறேன். தோளுக்கு மாப்பிள்ளையையும் இருசப்பனையும் விட்டால் ஆள் இல்லை.

எந்த அட்டைப் பொம்மை யாருடையது என்று குழம்பக் கூடாதே, அதற்காக ஒவ்வொன்றின் பின்பக்கமும் பேர், ஊர், தேதி, எந்தப் படம் என்று எழுதி ஸ்டூடியோ முத்திரையும் குத்திவிடுகிறேன். என் தொழில் சுத்தத்தை நீயாவது மெச்சு.

அண்ணன்
தெய்வசிகாமணி


களமருதூர்
19.8.1987

அண்ணா,

மெச்சிவிட்டேன், போதுமா? படம் வந்தது. அவர் வேட்டி அவ்வளவு அழுக்கு என்று நீயாவது சொல்லக் கூடாதா? ஊருக்கே காட்டிவிட்டார். சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். குளிக்கப் போனால்தான் பை காலி.

என் மாமியாருக்கு மட்டும் பொறுக்கவில்லை. “ஒரே தட்டுல ரெண்டு பேரையும் நிக்க வச்சிருக்கானே உங்கண்ணன்? நாம துன்ற சோத்துல அவன் காலு படலாமா?” என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே, “ரம்பத்துக்கு ரெண்டு முனை கீதேம்மா, இன்னொரு முனையில நீ வந்து நிக்கறியா?” என்று கேட்டார். அத்தை இரண்டு நாள் பேசவில்லை. இருசப்பனிடம் வரப்பில் வைத்துக் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, சோத்துல நிக்கறமே, காலு கழுவினமா அன்னிக்கு?” என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

இதோடு எங்கள் கல்யாணப் படத்தை அனுப்புகிறேன். கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, மாற்றிக் கொடு. எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான், பத்திரம். உன் கடிதத்தை ரேஷன் கார்டு, கரண்டு ரசீதோடு நிலைக்குமேல் கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன். நான் உன்னைவிடத் தொழில் சுத்தம்.

இங்கே நம் சாதிச் சங்கத்துக் கூட்டம் நாள் தவறாமல் நடக்கிறது. இட ஒதுக்கீடு கேட்டு அடுத்த மாதம் பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியலாம். “எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டு மாடு ஓட்டிக்கினு கீறேன், கேக்காம இருந்தா எவன் குடுப்பான்?” என்கிறார். போய் ரோட்டில் உட்காருவார். எனக்கு அது பிடிக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்ல வாயும் வரவில்லை.

தங்கை
செவ்வந்தி


வெள்ளிமலை
29.9.1987

செவ்வந்தி,

விலாசத்தைப் பார்த்து நீ பயந்துவிடக் கூடாது. மலைக்கு வந்து ஐந்து நாளாகிறது. தெரிந்தவர் அய்யனார் என்று ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார், அவரிடம் இருக்கிறேன். மறியலில் பஸ், தபால் எல்லாம் நின்றுபோனதால் உடனே எழுத முடியவில்லை என்று எழுத நினைத்தேன். பொய். எழுதப் பயமாக இருந்தது.

மறியல் முடிந்த மறுநாள் காலை ஸ்டூடியோவுக்குப் போலீஸ் வந்தது. ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தவர்களை நான் படம் எடுத்திருக்கிறேன் என்று எவனோ சொல்லியிருக்கிறான். நான் அந்த ஒரு வாரமும் கதவையே திறக்கவில்லை. சொன்னால் கேட்டால்தானே? நெகட்டிவ் டப்பாவைத் தரையில் கவிழ்த்தார்கள். அதில் மாப்பிள்ளையும் இருசப்பனும் ரம்பத்தோடு நிற்கிற நெகட்டிவ் அகப்பட்டுவிட்டது. அதில் சோறு இல்லை, முருங்கைக்காய் இல்லை. இரண்டு ஆள், ஒரு ரம்பம், அவ்வளவுதான்.

“யாருய்யா இவனுங்க?” என்றார் இன்ஸ்பெக்டர். “சார், முருங்கைக்கா அறுக்கறாங்க சார்” என்றேன். ஒரு அறை விட்டார். காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. அந்த அறையில் பேரைச் சொல்லிவிட்டேன். ஊரையும் சொல்லிவிட்டேன். “எங்க மாப்பிள்ளை சார் இவரு” என்று வேறு சொன்னேன். உறவு என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று என் மரமண்டைக்குத் தோன்றியது.

அந்த நெகட்டிவை எடுத்துக்கொண்டு அவர்கள் போனதும் கையில் கிடைத்த படம், நெகட்டிவ், நோட்டு எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டு மலை பஸ் ஏறிவிட்டேன். உன் கல்யாணப் படமும் அதில் போயிற்று. பார்க்கவில்லை, அள்ளிப் போட்டேன்.

மாப்பிள்ளையைக் கொஞ்ச நாள் வேறு ஊரில் இருக்கச் சொல். இருசப்பனையும்.

தெய்வசிகாமணி


களமருதூர்
7.10.1987

அண்ணனுக்கு,

உன் புத்திமதி வந்து சேர்வதற்குள் அவர்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள். இருபத்தைந்தாம் தேதி காலை. அவர் பழைய சோற்றில் கை வைத்திருந்தார். கையைக் கழுவக்கூட விடவில்லை.

மறியலில் முதல் நாள் அவர் ரோட்டில் உட்கார்ந்தது நிஜம். அன்று காலில் ஏறிய கருவேல முள் பழுத்துவிட்டது. அடுத்த ஆறு நாளும் இந்த வீட்டில் படுத்துக் கிடந்தார், நான்தான் ஒத்தடம் கொடுத்தேன். ஒரு மரத்தின்மேலும் அவர் கை படவில்லை. அதைச் சொன்னால், “அப்ப ரம்பம் எங்கடா?” என்கிறார்கள். வைக்கோல் போரைக் கலைத்தார்கள், கிணற்றில் ஆளை இறக்கினார்கள். மரவாடி ரம்பம் என் வீட்டுக் கிணற்றில் எப்படி இருக்கும்? அவரே பையிலிருந்து உன் படத்தை எடுத்து, “பாருங்க சார், இது வெளாட்டு, முருங்கைக்கா” என்று நீட்டினார். அந்த ஆள் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் அப்படி ஒரு படமே இல்லை என்கிறார்கள்.

இருசப்பனை எங்கே பிடித்தார்கள் தெரியுமா? மறியலின் இரண்டாம் நாள் காலனியில் பதினோரு வீட்டைக் கொளுத்தினார்கள். கொளுத்தியது நம் ஆட்கள்தான், வெட்கத்தோடு எழுதுகிறேன். அதில் இருசப்பன் வீடும் ஒன்று. சாம்பலில் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தவனை அப்படியே இழுத்துப் போனார்கள். “மரம் வெட்டினவனும் நான்தான், வூடு எரிஞ்சவனும் நான்தானா சார்?” என்று கேட்டானாம். அதற்கும் அடி.

இரண்டு பேரும் ஜெயிலில் இருக்கிறார்கள். வக்கீலைப் பார்த்தேன். அந்த ரம்பப் படம் எப்போது எடுத்தது, எதற்கு எடுத்தது என்று எடுத்தவர் வந்து சொன்னால் ஜாமீனாவது கேட்கலாம் என்கிறார். “தேதி போட்ட எதனா ஒரு காகிதம் இருந்தாக்கூட போதும்மா” என்றார். வீட்டில் தேடிவிட்டேன், படத்தோடு வந்த கவர்கூட இல்லை. உன்னிடம் ஒரு துண்டாவது இருக்கும். எடுத்துக்கொண்டு வா.

நீ ஒரு அறை வாங்கினாய் என்று எழுதியிருக்கிறாய். படித்தேன்.

செவ்வந்தி


வெள்ளிமலை
18.10.1987

செவ்வந்தி,

ஒரு துண்டுகூட இல்லை. எல்லாம் எரிந்துவிட்டது.

நேற்று பஸ் ஏறினேன், நம்பு. கச்சிராயபாளையம் வரைக்கும் வந்தேன். அங்கே இரண்டு போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. எதிர் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். வந்து நான்தான் எடுத்தேன் என்றால், நீயும் சேர்ந்துதான் வெட்டினாயா என்று கேட்க மாட்டார்களா? எரித்தது ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? ஒளித்தவன் என்றுதானே ஆகும்?

இங்கே டம்ளர் கழுவுகிறேன். அய்யனார் நல்ல மனுசர், ஒன்றும் கேட்பதில்லை. தட்டில் களி வைத்தால், அதன்மேல் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். சிரிக்காதே.

தீபாவளி போகட்டும். கொஞ்சம் ஆறட்டும். கட்டாயம் வருகிறேன்.

தெய்வசிகாமணி


களமருதூர்
8.11.1987

அண்ணா,

சிரிக்கவில்லை.

தீபாவளி போய்விட்டது. எது ஆற வேண்டும் என்று நீ காத்திருக்கிறாய்? நேற்று அவரைப் பார்த்தேன். வலது கையைத் தூக்க முடியவில்லை. ஒன்றுக்குப் போனால் இரத்தமாகப் போகிறதாம். அதை என்னிடம் சொல்லவில்லை, இருசப்பன் சொன்னான். “ரம்பம் எங்கன்னு கேட்டுக் கேட்டே அடிச்சாங்கம்மா. இவரு மரவாடின்னு சொன்னாரு. மரவாடிக்காரரு, எங்கிட்ட அப்படி ரம்பமே கெடையாதுன்னுட்டாரு” என்றான். மரவாடிக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் உன்னைப் போலத்தான் பயம்.

உன் மாப்பிள்ளை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டது ஒன்றுதான். “மச்சான் வந்தாரா?” வருகிறார் என்றேன். “அவரு பயந்த சுபாவம், அதட்டாத” என்றார். உனக்காகப் பேசுகிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருசப்பன் மனைவி பாப்பாத்தி என்னோடு வாரா வாரம் வருகிறாள். போக ஒரு பஸ், வர ஒரு பஸ், இரண்டிலும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவள் வீட்டை எரித்தது என் சாதிக்காரன். அவள் புருசனைக் காட்டிக்கொடுத்தது என் அண்ணன். நான் எதைப் பேச?

அண்ணா, உன் காலில் விழுகிறேன். நீளமாக ஒன்றும் சொல்ல வேண்டாம். வந்து நின்று, முருங்கைக்காய் என்று மட்டும் சொல்லு.

செவ்வந்தி


வெள்ளிமலை
14.11.1987

செவ்வந்தி,

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வக்கீல் வீட்டு வாசலில் நிற்பேன். அம்மா மேல் ஆணை. மாப்பிள்ளையிடம் சொல்.

தெய்வசிகாமணி


களமருதூர்
23.11.1987

தெய்வசிகாமணிக்கு,

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். முந்தின நாள்தான் ஜெயிலிலிருந்து கொண்டு வந்து போட்டிருந்தார்கள். மச்சான் நாளைக்கு வருகிறார் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். அவர் காதில் விழுந்த கடைசிப் பேச்சு அந்தப் பொய்தான்.

நான் பிணத்துக்காக ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். எனக்குப் பதிலாகப் பாப்பாத்தி வக்கீல் வீட்டு வாசலில் நின்றாள். பத்து மணியிலிருந்து பொழுது சாயும்வரை நின்றுவிட்டு வந்து, “யாரும் வரலைங்க” என்றாள்.

டிசம்பர் ஐந்தாம் தேதி கருமாதி. படையலுக்கு முன்னால் வைக்க அவர் படம் ஒன்றுகூட இல்லை. “எம்புள்ள மொகம் இல்லாம யாருக்குடி எலை போடறது?” என்று அத்தை கேட்கிறார்கள். படம் பிடிக்கிறவன் தங்கை நான். என்ன பதில் சொல்வது, நீயே எழுது.

செவ்வந்தி


வெள்ளிமலை
29.11.1987

செவ்வந்தி,

என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வெள்ளிக்கிழமை சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் நின்றேன். மூன்று பஸ் போயிற்று. என் கால் ஏறவில்லை. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒரு கோழை, அவ்வளவுதான்.

இதோடு பஞ்சில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன். அன்றைக்கு எல்லாவற்றையும் அடுப்பில் போட்டபோது இதை மட்டும் போடக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிற மனுசனை நெருப்பில் போடுவதுபோல இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை நாள் என்னோடுதான் இருந்தார்கள், இரண்டு பேரும். முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. படையலுக்கு ஆகும்.

தெய்வசிகாமணி


களமருதூர்
6.12.1987

அண்ணா,

புதன்கிழமை உன் கவர் வந்தது. பஞ்சைப் பிரித்தேன். ஒரு முனையில் அவர், ஒரு முனையில் இருசப்பன், நடுவில் ரம்பம். அவர் முகம் ஒரு நெல் அளவு இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் திருப்பினேன்.

காசிநாதன், இருசப்பன், களமருதூர். 25.7.87. முருங்கைக்காய் படம். உன் கையெழுத்து, உன் முத்திரை. ஒரு துண்டுகூட இல்லை என்று எழுதினாயே, அது உன் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. நீயே எழுதியது உனக்குத் தெரியாமல் போகுமா? இதைக் காட்டினால் எழுதியவனும் வந்து நிற்க வேண்டும், அதுதானே? உன்னைக் கூறு போட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் வக்கீலிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருசப்பன் கேஸுக்கு இது இப்போதும் உதவும், ஆனால் இது உன் கையெழுத்துதான் என்று நிரூபிக்க வேண்டும் என்றார். “அவரு எழுதின வேற எதனா இருந்தா எடுத்தாம்மா, ஒத்துப் பாக்கலாம்.” வீட்டுக்கு வந்து நிலைக்குமேல் கம்பியைக் கழற்றி, அதில் குத்தியிருந்த உன் கடிதங்களை உருவிக்கொண்டு போனேன். அடியில் கிடந்தது ஜூலை மாதக் கடிதம்.

அவர் அதைத்தான் முதலில் படித்தார். இரண்டு தடவை படித்தார். உறையில் இருந்த தபால் முத்திரையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைப் பார்த்தார். மாப்பிள்ளையை அனுப்பு, இருசப்பனை அனுப்பு, முருங்கைக்காய், மரவாடி ரம்பம் எல்லாம் அதில் இருக்கிறது. மறியலுக்கு இரண்டு மாதம் முந்திய கடிதம். “இது எங்கம்மா இருந்துச்சு?” என்றார். வீட்டில்தான் என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காகிதம் என்று அவர் சொன்னபோது, படம், ரசீது, கவர் என்றுதான் எனக்குத் தோன்றியது. அண்ணன் எழுதும் கடிதத்தை யார் காகிதமாக நினைப்பார்கள்? அந்தக் கம்பிக்குக் கீழேதான் உட்கார்ந்து, ஏதாவது ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வா என்று உனக்கு எழுதினேன். உன் பையில் ஒன்று இருந்தது. என் தலைக்குமேல் ஒன்று இருந்தது. நடுவில் அவர் அடி வாங்கிக்கொண்டிருந்தார். உன்னைத் திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். திட்டு வரவில்லை.

பொம்மையை வெட்டக் கூடாது, பதினான்காம் தேதி இருசப்பன் கேஸுக்கு முழுசாக வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதுவரை என்னிடம் கொடுத்து வைத்தார். அதனால் நேற்று படையலுக்கு அப்படியேதான் வைக்க வேண்டியிருந்தது. பெரிய இலை. சோறு, சாம்பார், வடை, பாயசம். முருங்கைக்காய் வேண்டாம் என்றேன், அத்தை கேட்கவில்லை, “எம்புள்ளைக்குப் புடிக்கும்” என்று போட்டுவிட்டார்கள். இலைக்கு முன்னால் செம்பில் சாய்த்து நிறுத்தினேன். நீ எடுத்த படம்தான், அச்சு அசல். சோறு, முருங்கைக்காய், ரம்பத்தோடு இரண்டு அங்குலத்தில் ஆள்.

அப்போது பாப்பாத்தி வாசலில் வந்து நின்றாள். “எங்க ஆளு உசுரோட கீறாருங்க. செத்தவங்க படையல்ல அவரை வெக்காதீங்க” என்று அழுதாள். வெட்டவும் முடியாது, வைக்காமல் இருக்கவும் முடியாது. அத்தைதான், “உள்ள வா” என்றார்கள். இந்த வீட்டு நிலைப்படியை அவள் தாண்டியது நேற்றுதான் முதல் தடவை. வந்து இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் புருசன் தெரியாதபடி அவன்மேல் கையைக் குவித்து மூடிக்கொண்டாள். கற்பூரம் அணையும்வரை கையை எடுக்கவில்லை. இந்தப் பக்கம் அவர் மட்டும் நின்றார், பாதி ரம்பத்தோடு.

எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். என்னை முகத்தைப் பார்த்துக் கும்பிடச் சொன்னார்கள். ஒரு நெல் அளவு முகம், அண்ணா. அதைக்கூட என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பதினான்காம் தேதி திங்கட்கிழமை. கையெழுத்து உன்னுடையதுதான் என்று நானே கூண்டில் ஏறிச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் எல்லாவற்றையும் வக்கீல் வாங்கி வைத்துக்கொண்டார். கம்பியில் ரேஷன் கார்டும் கரண்டு ரசீதும்தான் இருக்கின்றன.

செவ்வந்தி